கேமராவுக்குக் கடன் கேட்கும் முன்: எல்லைப்புற ஸ்டுடியோக்காரர் ஒருவரின் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளிலும், மலைமேல் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, குமுளி பகுதிகளிலும் சிறு சிறு ஸ்டுடியோக்கள் பல உள்ளன. வீட்டில் தமிழ் பேசி, பஞ்சாயத்து உரிமத்தை மலையாளத்தில் பெற்று, இரு மாநிலத் திருமணங்களையும் படமெடுத்து வாழ்பவர்கள் அவற்றின் உரிமையாளர்கள். அவர்களில் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் சென்ற மாதம் நம் கிளைக்கு ஒரு மதிப்பீட்டுத் தாளையும் ஒரு நகைப் பையையும் கொண்டுவந்தார். தாளில் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா ஒன்றும் அதற்குரிய லென்ஸும் சேர்த்து ரூ.3,00,000 என எழுதப்பட்டிருந்தது. பையில் இருந்தது அவருடைய மனைவியின் நகை.

நகைக் கடன் வழங்குவது வங்கிக்கு எளிது. எடை பார்த்து, தரம் பார்த்து, அன்றே பணம் கொடுத்துவிடலாம். ஆயினும் எதற்காக இந்தக் கேமரா என்று கேட்டபோது அவர் அடுக்கிய காரணங்கள் நம்மைச் சற்று நிறுத்தின. மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை. வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. பழைய ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஆல்பத்தில் தமிழ் எழுத்து உடைகிறது. இவற்றுள் எத்தனைக்குப் புதுக் கேமரா மருந்தாகும்? வணிகவியல் படித்த நமக்கு ஒளியியல் பாடமன்று. எனவே தயாரிப்பாளர்களின் கையேடுகளைப் படித்தும், பழுதுநீக்கும் தொழிலில் இருப்போரைக் கேட்டும் அறிந்துகொண்டவற்றைக் கடன் கணக்கோடு சேர்த்து இங்கே தருகிறோம். இத்தொழிலில் உள்ள பிற வாடிக்கையாளர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் வெளிச்சம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36 மி.மீ.க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. நம் வாடிக்கையாளரிடம் இப்போது உள்ள சிறிய சென்சார் ஏறத்தாழ 23.5க்கு 15.6, அதாவது சுமார் 367 சதுர மி.மீ. பரப்பு விகிதம் 2.36. ஒரே காட்சியை ஒரே அபர்ச்சரில் எடுத்தால் பெரிய சென்சாருக்கு இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல் ஒளி கிடைக்கிறது. தொழில்மொழியில் ஒன்றேகால் ஸ்டாப் அளவு நன்மை. இது உண்மையான நன்மைதான். ஆனால் அவர் கேமராவோடு வந்த கிட் லென்ஸையே இன்றும் பயன்படுத்துகிறார். அதை நீட்டினால் அபர்ச்சர் எஃப் 5.6 ஆகக் குறுகிவிடும். எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் 1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸோ 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பார்த்தால் ஒன்பதரை மடங்குக்கும் மேல். கேமரா நிறுவனங்கள் விற்கும் லென்ஸ்களில் மிக மலிவானவற்றுள் ஒன்று இந்த 50 மி.மீ. லென்ஸ்தான். முகூர்த்த நேரத்தில் இருண்ட மண்டபத்தில் தாலி கட்டும் கைகளை எடுக்க, முதல் செலவு சென்சாருக்கா லென்ஸுக்கா என்பதற்கு இந்தக் கணக்கே விடை சொல்கிறது. லென்ஸுக்குச் சாதகமாக மற்றொரு வணிகக் காரணமும் உண்டு. புது மாதிரி வெளிவந்தவுடன் கேமரா உடலின் விலை சரியும். நல்ல லென்ஸின் மறுவிற்பனை விலை அவ்வளவு விரைவாகச் சரிவதில்லை.

சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ. காட்டும் கோணத்தையே காட்டும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மணமக்கள் இருவருக்கும் அது பொருந்தும். மேடையில் நாற்பது பேர் நின்றால் பின்னால் நகர இடம் வேண்டும்.

இரண்டாவதாக அவர் கேட்டது: "மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் பழைய லென்ஸ்கள் வீணாகிவிடுமா?" இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் பழைய நிக்கானில் 46.5 மி.மீ., கேனானில் 44 மி.மீ. புது மிரர்லெஸ் உடல்களில் அது நிக்கானுக்கு 16, கேனானுக்கு 20, சோனிக்கு 18 மி.மீ. எனக் குறைந்துவிட்டது. குறைந்த இடைவெளியை ஒரு வளையத்தால் நிரப்பிவிடலாம். அதுவே அடாப்டர். கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அந்நிறுவனத்தின் அடாப்டர் வழியே புது ஆர்எஃப் உடல்களில் ஆட்டோஃபோகஸுடன் இயங்குகின்றன. நிக்கானில் ஒரு கண்ணி உள்ளது. மோட்டாரைத் தம்முள்ளேயே கொண்ட ஏஎஃப்-எஸ் வகை லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் ஆகும். கேமரா உடலின் மோட்டாரை நம்பியிருந்த பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களைக் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நம் வாடிக்கையாளரின் மூன்று லென்ஸ்களில் இரண்டு இந்த வகை. மதிப்பீட்டுத் தாளில் அடாப்டர் குறிப்பிடப்படவுமில்லை. இந்த இரண்டும் பயனற்றுப்போகும் என்று கடையில் எவரும் சொல்லவுமில்லை. ஆக, ரூ.3,00,000 என்பது உண்மையில் தொடக்கத் தொகை மட்டுமே. கடன் கேட்பவர் தம் லென்ஸ்களின் மேல் எழுதப்பட்டிருக்கும் எழுத்துகளைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது நல்லது.

ஷட்டர் கணக்கையும் இங்கே பார்த்துவிடுவோம். இயந்திர ஷட்டருக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் ஆயுள் மாதிரியைப் பொறுத்துப் பொதுவாக 1,00,000 முதல் 2,00,000 முறை வரை இருக்கும். ஒரு திருமணத்துக்கு 3,000 படம், ஆண்டுக்கு 40 திருமணம் என்றால் 1,20,000 முறை. எண்ணைத் தாண்டியவுடன் ஷட்டர் நின்றுவிடும் என்பதில்லை. அது உத்தரவாதமும் அன்று. ஆனால் பழைய கேமரா வாங்குவோர் தோற்றத்தைப் பார்ப்பதோடு அமையாது இந்த எண்ணையும் கேட்டறிய வேண்டும். பர்ஸ்ட் முறையில் ஒரே சிரிப்பை இருபது முறை எடுக்கும் பழக்கம் ஷட்டரையும் தின்னும், டிஸ்க்கையும் தின்னும், ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் இரவையும் தின்னும்.

வீடியோவில் ஓடும் கறுப்புப் பட்டைகளுக்குச் செலவே தேவையில்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 எனவும், வீடியோவை நொடிக்கு 25 ஃபிரேம் எனவும் அமைத்தால் பெரும்பாலான பட்டைகள் மறைந்துவிடும். 1/60, 30 ஃபிரேம் என்பவை 60 சுழற்சி மின்சாரமுள்ள நாடுகளுக்கு உகந்தவை. மேடைப் பின்னணியில் வைக்கும் எல்இடி சுவர் வேறு கணக்கில் துடிக்கும். அதற்கு ஷட்டர் வேகத்தைச் சிறுசிறு அளவில் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒலியில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை மிகும் என்பதால், எல்இடி விளக்கின் கீழ் இயந்திர ஷட்டரே பாதுகாப்பானது. நம் வாடிக்கையாளர் அன்று மாலையே கிளையின் ட்யூப் லைட்டின் கீழ் இதைச் சோதித்துப் பார்த்தார். பட்டை மறைந்தது.

இனிச் சேமிப்பு. இதைத்தான் நாம் மிக விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். 24 மெகாபிக்சல் கேமராவின் சுருக்கப்பட்ட ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 30 எம்பி எனக் கொள்வோம். 3,000 படங்களுக்கு 90 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதியும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று மணி நேரத்துக்கு 135 ஜிபி. ஒரு திருமணத்துக்கு மொத்தம் 225 ஜிபி. நாற்பது திருமணங்களுக்கு 9,000 ஜிபி, அதாவது 9 டிபி. அதற்கு இரண்டாம் பிரதி வேண்டுமெனில் 18 டிபி. இந்தச் செலவை ஆண்டுத் திருமணங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு கட்டணப் பட்டியலிலும் ஓர் உருப்படியாகச் சேர்க்க வேண்டும். ஸ்டுடியோக்காரர்கள் பலர் இதைச் சேர்ப்பதில்லை. ஆல்பத்தின் அட்டைக்குக் காசு வாங்குகிறார்கள். படத்தின் பாதுகாப்புக்கு வாங்குவதில்லை. 1 டிபி டிஸ்க் கணினியில் 931 ஜிபி எனத் தெரிவது கடைக்காரரின் ஏமாற்று அன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். முதல் இரண்டை எவரும் எளிதில் ஒப்புக்கொள்வர். தடுமாறுவது மூன்றாவதில்தான். இணையத்தில் ஏற்றலாமே என்பர். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 100 ஜிபி ஏற 11 மணி நேரத்துக்கும் மேலாகும். மலைப்பகுதியில் மழைக்காலத்தில் அந்த வேகமே கிடைப்பது அரிது. எனவே தேர்ந்தெடுத்து முடித்த ஜேபெக் படங்களை மட்டும் இணையத்தில் வைத்து, ரா கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வேறு வீட்டில் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். பொள்ளாச்சியில் தங்கை வீடு இருந்தால் போதும். வங்கி லாக்கரையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உறையிட்டு வைத்தால் சிறிய லாக்கரிலேயே பல டிஸ்க்குகள் அடங்கும். ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துவது நம் கடமை. 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு ஆகியவை வங்கியின் குறைபாட்டால் நேர்ந்தாலோ ஊழியர் மோசடி செய்தாலோ, வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரையே. நிலநடுக்கம், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு அப்பொறுப்பு இல்லை. லாக்கர் மூன்றாவது பிரதிக்கான இடம். ஒரே பிரதிக்கான இடமன்று. நீண்ட காலம் மின்சாரமின்றிக் கிடக்கும் பிரதிக்கு எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க்கே ஏற்றது. அதையும் ஆண்டுக்கு இருமுறை கணினியில் இணைத்துத் திறந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவானேன் என்று தோன்றலாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே ராஜமலை பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மீது மலை சரிந்தது. எழுபது பேர் மாண்டனர். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அத்தகைய இடத்தில் வீடும் சுவரும் பெட்டியும் ஆல்பமும் சேர்ந்தே போய்விடுகின்றன. எஞ்சியவர் தம் மக்களின் முகத்தை மீண்டும் பார்க்க வேண்டுமென்றால், படம் எடுத்தவரின் டிஸ்க்கைத் தவிர வேறெங்கே போவார்? ஸ்டுடியோக்காரருக்கு அது பழைய கோப்பு. எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத் தாளில் ஒரு காலத்தை எழுதி, அது முடியும்போது குடும்பத்துக்குச் சொல்லிவிட்டு அழிப்பது முறையாகும். மேலும், பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவின்படி, கட்டணம் பெற்று ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுத்த புகைப்படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில் கேட்டவருக்கே உரியது. படங்களை ஸ்டுடியோவின் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் எண்ணமிருந்தால் அதையும் அதே தாளில் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும்.

பூஞ்சை பற்றி அவர் கேட்கவில்லை. சித்தூரின் கிழக்குப் பகுதி வறண்டது. அங்கே தொல்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியே மார்கழி, தை மாதங்களில் வீசும் காற்றின் தூசிதான். ஆனால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தோல் பையில் மூடி வைத்த லென்ஸ் பூத்துவிடும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி உலர்பெட்டியில் வைக்க வேண்டும். இயலாதவர்கள் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும், விலை மலிவான ஈரப்பதமானி ஒன்றும் போட்டு வைக்கலாம். குளிர்ந்த மலையிலிருந்து போடிமெட்டு வழியே வெப்பமான தேனிச் சமவெளிக்கு இறங்கியதும் பையைத் திறக்கலாகாது. அரை மணி நேரமாவது மூடியே வைத்தால் கண்ணாடியில் நீர் படியாது.

மென்பொருளுக்கு வருவோம். அடோபி நிறுவனம் 2013இல் தன் படைப்பு மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியது. அதன் பிறகு ஃபோட்டோஷாப் என்பது வாங்கும் பொருளாக இல்லாமல் வாடகைப் பொருளாகிவிட்டது. ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் செலுத்தும் திட்டத்தை நடுவில் நிறுத்தினால், எஞ்சிய தொகையில் ஒரு பகுதியைக் கட்ட நேரிடும். சேரும்போதே அதைப் படித்துக்கொள்ள வேண்டும். கார்டு மூலம் தானாகக் கழியும் சந்தாவுக்கு ரிசர்வ் வங்கியின் விதி உண்டு. கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வரும். ரூ.15,000 வரை ஓடிபி இன்றிக் கழியும். கார்டின் காலம் முடிந்து புது எண் வந்தால் பழைய அனுமதி செல்லாது. திருமணப் பருவத்தின் நடுவே மென்பொருள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் எடுத்தால் மாற்றுக் கட்டணமும் சேரும் என்பதால், ரூபாயில் பட்டியலிடும் திட்டத்தைத் தேர்வது நல்லது.

சந்தா சுமையாக இருப்போருக்கு வேறு வழிகள் இல்லாமலில்லை. டார்க்டேபிள், ஜிம்ப் ஆகியவை கட்டணமற்றவை. வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு சிறு ஸ்டுடியோவுக்குப் போதுமானது. திருட்டுப் பிரதியை மட்டும் நாம் ஆதரிக்க இயலாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, தெரிந்தே அதைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் ரூ.50,000 முதல் ரூ.2,00,000 வரை அபராதமும் விதிக்கிறது. பூட்டை உடைத்த அந்தப் பிரதிகளோடு ஒட்டிக்கொண்டு வரும் வைரஸ், 9 டிபியையும் ஒரே இரவில் பூட்டிவிடவும் கூடும்.

எழுத்து உடைவது எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல். ஒரே ஆல்பத்தில் மணமகன் பெயர் தமிழிலும் மணமகள் பெயர் மலையாளத்திலும் வர வேண்டியிருக்கிறது. பழைய தமிழ், மலையாள எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விசைமுறையும் குறியீடும் கொண்டவை. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் குப்பையாகும். இரண்டுக்கும் யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்துவதே தீர்வு. அப்போதும் ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் 'கொ' என்பது கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். தேர்வுகளில் எழுத்துக்கான பக்கத்தைத் திறந்து, தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்கி, மென்பொருளை மூடித் திறந்து, புதுக் கோப்பில் அடித்தால் சரியாகும். அச்சகம் அனுப்பிய கோப்பில் எழுத்து உடைகிறதென்று புதுக் கணினிக்கு மதிப்பீடு வாங்கத் தேவையில்லை. நிற வேறுபாட்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது இத்தகைய அமைப்பைத்தான்: லேப் வேறு கேட்டாலன்றி எஸ்ஆர்ஜிபியில் அனுப்புங்கள். 12க்கு 36 அங்குலக் கரிஷ்மா ஆல்பத்தின் விரிந்த தாள் முழுவதும் ஒரே படத்தைப் பரப்பினாலும், 6,000 பிக்சல் அகலமுள்ள 24 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு 166 புள்ளி தரும். மடியில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது குறைவன்று. மெகாபிக்சலுக்காக மட்டும் கேமரா மாற்ற வேண்டியதில்லை.

இவ்வளவும் பேசி முடிந்தபின் மதிப்பீட்டுத் தாள் மாறியது. எஃப் 2.8 லென்ஸ் ஒன்று, 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, ஃபிளாஷ், நான்கு டிஸ்க்குகள், உலர்பெட்டி. மொத்தம் பாதிக்குச் சற்றுக் கூடுதல். கேமரா உடல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. ஆனாலும் நகையா, தொழிற்கடனா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. பல ஆண்டு உழைக்கும் பொருளுக்கு, ஓராண்டில் முதலும் வட்டியும் ஒருசேரக் கட்டும் நகைக் கடன் பொருந்தாது என்பது நம் கருத்து. பொருள் சம்பாதித்துத் தரும் வேகத்திலேயே கடனும் அடைய வேண்டும். 2015 ஏப்ரல் 8இல் தொடங்கிய பிரதமர் முத்ரா திட்டத்தில் ரூ.50,000 வரை சிசு, ரூ.5,00,000 வரை கிஷோர், ரூ.10,00,000 வரை தருண் என்ற பிரிவுகள் உள்ளன. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவருக்கு 2024 முதல் ரூ.20,00,000 வரை உண்டு. பிணை கேட்கப்படுவதில்லை. நகை வீட்டிலேயே இருக்கலாம். மருத்துவமனைச் செலவு வரும் நாளில் அது உதவும்.

தவணைக் காலத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ரூ.3,00,000 கடனுக்கு 11 விழுக்காடு வட்டி என்று எடுத்துக்கொண்டால், 36 மாதத்துக்கு மாதத் தவணை ரூ.9,822, மொத்த வட்டி சுமார் ரூ.53,600. அதையே 60 மாதமாக நீட்டினால் தவணை ரூ.6,523 ஆகக் குறையும், வட்டி ரூ.91,000ஐத் தாண்டும். ஐந்தாம் ஆண்டில் அந்தக் கேமரா என்ன விலைக்குப் போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தொழிலில் மாதங்கள் சமமாக இருப்பதில்லை. தமிழரின் ஆடியும் மலையாளிகளின் கர்க்கடகமும் ஒரே மாதம். மார்கழியும் தனுவும் அவ்வாறே. இரு வீட்டுத் திருமணங்களும் ஒருசேர நின்றுவிடும் அந்த மாதங்களிலும் தவணை நிற்பதில்லை. சித்திரை, வைகாசியில் இரண்டு தவணைக்கான பணத்தை ஒரு தொடர் வைப்பில் ஒதுக்கி வைக்கும்படி சொன்னோம்.

வரிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வருமான வரியில் கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஆண்டுத் தேய்மானம் 15 விழுக்காடு; கணினிக்கும் மென்பொருளுக்கும் 40. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான். உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுவோர் தேய்மானத்தைத் தனியே கழிக்க இயலாது. ஜிஎஸ்டியில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு ரூ.20,00,000ஐத் தாண்டினால் பதிவு கட்டாயம். எல்லையைக் கடந்து பொள்ளாச்சியிலோ கம்பத்திலோ படமெடுத்தாலும் அந்த வரம்பு மாறுவதில்லை. கேரளத்தில் பதிவு பெற்றவர் கோவையில் பொருள் வாங்கினால், பில் போடும் முன்பே தம் எண்ணைக் கொடுத்து, என்ன வரி போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் மாநில ஜிஎஸ்டி விதிக்கப்பட்டிருந்தால் அதைக் கேரளக் கணக்கில் வரவு வைக்க முடியாது. கேமராவுக்கு வரியே 18 விழுக்காடு என்பதால் இது சிறு தொகையன்று. பில்லில் உடலின் வரிசை எண்ணும் லென்ஸின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு இந்திய உத்தரவாதமும் இராது, நம் கடனும் இராது.

காப்பீட்டில் ஒரு பொதுவான தவறு: கடைக்கு எடுத்த தீ விபத்துப் பாலிசி, மண்டபத்தில் விழுந்து உடைந்த கேமராவுக்கும் சேரும் என்று நம்புவது. வெளியே எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு ஆல் ரிஸ்க் வகைப் பாலிசி தனியே வேண்டும். மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சப்படுத்தினால் இழப்பீடும் குறையும். ரூ.4,00,000 பொருளை ரூ.2,00,000க்குக் காப்பீடு செய்தவருக்கு, ரூ.1,00,000 இழப்பில் ரூ.50,000தான் கிடைக்கும். கருவிக்கு இவ்வளவு பார்ப்பவர்கள் தம்மைக் காப்பீடு செய்துகொள்வதை மறந்துவிடுகிறார்கள். மழையைப் படமெடுப்பதில் புகழ்பெற்றிருந்த மலையாள மனோரமா புகைப்படக் கலைஞர் விக்டர் ஜார்ஜ், 2001 ஜூலை 9இல் இடுக்கி மாவட்டம் வெண்ணியானியில் நிலச்சரிவைப் படமெடுக்கச் சென்ற இடத்தில் மண்ணில் புதைந்து உயிரிழந்தார். ஆண்டுக்கு ரூ.20 பிரீமியத்தில் ரூ.2,00,000 விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்கு வைத்திருப்போர் எவரும் சேரலாம். உதவியாளராகக் கூட வரும் இளைஞரையும் சேர்த்துவிடுங்கள். லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஈரமான படிக்கட்டில் ஏறுபவர் அவர்தான்.

கடைசியாக அவர் கேட்டது ட்ரோன். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. மைக்ரோவை வணிக நோக்கில் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். 2022 பிப்ரவரி முதல், ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் தவிர, வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை உள்ளது. ஆகவே யாரோ பெட்டியில் கொண்டுவந்து விற்கும் ட்ரோனுக்குக் கடன் தர நம்மால் ஆகாது. இரவிகுளம், சின்னாறு, பறம்பிக்குளம் போன்ற பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் வனத்துறை அனுமதியின்றி அதைப் பறக்கவிடக் கூடாது. அணைகளின் அருகிலும் அவ்வாறே. எல்லைப்புறத்தில் அழகிய இடங்கள் என்று மணமக்கள் சுட்டுவன பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஆண்டுக்கு நான்கைந்து திருமணங்களுக்கு மட்டும் தேவைப்படுமானால், சான்றிதழ் உள்ள ஒருவரை நாள் வாடகைக்கு அழைத்துக்கொண்டு, அனுமதிக் கடிதத்தின் நகலை அவரிடமிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.